அவையும் அச்சமும்



தாம் எழுதிய கவிதையையோ கதையையோ பிறரிடம் காட்ட அஞ்சி, பாடப் புத்தகத்தினடியில் மறைத்து வைக்கும் மாணவர் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். பிழை கண்டு நகைப்பார்களோ என்பதே அவர்தம் அச்சம். அது கோழைத்தனம் அன்று. தம் படைப்பின்மீது கொண்ட அன்பின் மறுவடிவமே எனலாம்.

நம் முன்னோர் இவ்வச்சத்தை நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளின் 73ஆம் அதிகாரம் 'அவையஞ்சாமை'. அதற்கு முன் நிற்பது 'அவையறிதல்'. இவ்வரிசை கருதத் தக்கது. யார்முன் நிற்கிறோம் என்பதை அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி நீங்கிவிடும் அன்றோ?

நூல்களை அரங்கேற்றும் மரபும் இதனையே உணர்த்துகிறது. தொல்காப்பியர் தம் நூலை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைத்தார் என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. பாயிரத்தில் இடம்பெற வேண்டியவற்றுள் 'கேட்போர்' என்பதையும் ஒன்றாக வைக்கிறது நன்னூல். அரங்கேறிய களத்தையும் சேர்த்துரைப்போர் உண்டு என்கிறது. எழுதியவுடன் நூல் நிறைவு பெறுவதில்லை. கேட்போரை அடையும்போதே நிறைவு பெறுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆனால், கேட்கும் அவைக்கும் கடமை உண்டு. அதனை நான் தவறு செய்தே கற்றேன். நான் பணியேற்ற புதிதில், மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வெண்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தளை தட்டிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, வகுப்பு முழுதும் கேட்க உரக்கப் படித்தேன். நான் காட்டிய பிழைகள் உண்மையானவையே. ஆயினும், அதன் ஈற்றடி மிக அழகாயிருந்தது. அதனை நான் சொல்லவில்லை. அதன்பின் அவன் எதையும் என்னிடம் காட்டவே இல்லை.

அன்றுமுதல் வேறொரு முறையை மேற்கொண்டேன். எழுதியவன் முதலில் ஒரு நண்பனிடம் படித்துக் காட்ட வேண்டும், பின்னர் நால்வரிடம், அதன் பின்னரே கையெழுத்துப் பத்திரிகையும் இலக்கிய மன்றமும். கேட்பவன் முதலில் நயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு திருத்தம் ஒன்றைச் சொல்லலாம். இவ்வாறு படிப்படியாக அவை விரியும்போது, அச்சம் சுருங்குவதைக் கண்டேன்.

ஆகவே, உங்கள் ஏட்டில் மறைந்து கிடப்பதை இன்று ஒருவரிடமேனும் படித்துக் காட்டுங்கள். உங்களை நம்பி ஒருவர் தம் ஏட்டைக் கொண்டுவந்தால், நீங்களே அவருக்கு நல்லவையாய் அமைந்து கேளுங்கள்.