இரும்புப் பெட்டி வீடு மாறுகிறது

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்க அன்பர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "சார், நீங்க ரயில்வேயில் இருந்தவர். எங்கப்பா காலத்து இரும்புப் பெட்டி ஒண்ணு வீட்டில் இருக்கு. புது ஃபிளாட்டுக்குக் கொண்டு போகணும். நாலு ஆள் போதுமா?"

பந்தியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. கொல்கத்தாவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு பெட்டி உண்டு. லேக் மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்தவர்கள், வட்டித் தொழில் செய்தவர்கள் விட்டுப்போனது. பழைய வாடகை வீடுகளைக் காலி செய்துவிட்டு நம் குடும்பங்கள் ஃபிளாட்டுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது. இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு வரும். ஆகவே விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

லிலுவா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நம் பெரம்பூரில் செய்த ரயில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 40 டன் இருக்கும். அவற்றைக் கிரேனில் தூக்கி, சக்கரம் கழற்றி, பழுது பார்த்து இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. எனவே 1996ல் என் மாமனார் கடையை மூடிவிட்டு, கடையிலிருந்த இரும்புப் பெட்டியை எங்கள் வீட்டு முதல் மாடிக்குக் கொண்டுவரச் சொன்னபோது, "இதென்ன பிரமாதம்!" என்று நானே பொறுப்பை ஏற்றேன்.

நாலடி உயரம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். பார்வையாலேயே 250 கிலோ என்று மதிப்புப் போட்டேன். ஆளுக்கு அறுபது கிலோ, நாலு ஆள் போதும் என்று கணக்கு. சந்தையிலிருந்து நாலு கூலியாட்களைக் கூட்டி வந்தேன். மூங்கில், கயிறு, கோணி. அவ்வளவுதான் சாமான்.

படிக்கட்டு திரும்பும் இடம் வரை வந்துவிட்டார்கள். அங்கே பெட்டி சாய்ந்தபோது அதன் கதவு திறந்துகொண்டது. சாவி மாமனாரிடம் இருந்தது. பூட்டினோமா என்று நான் பார்க்கவில்லை. கதவு ஒரு பக்கமாகத் தொங்கியதும் பளு முழுவதும் கீழே நின்றவர் பக்கம் போயிற்று. பெட்டியின் மூலை அவர் காலில் இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

வைத்தியச் செலவை மாமனார் கொடுத்தார். ஆனால் ஒன்றரை மாதம் அவரால் சுமை தூக்க முடியவில்லை. அந்த ஒன்றரை மாதக் கூலியை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த வருஷம் துர்கா பூஜை சமயத்தில் சந்தையில் அவரைப் பார்த்தேன். காலைச் சற்று இழுத்தபடி, "நமஸ்கார் பாபு" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஏன் இத்தனை எடை?

சென்ற ஆண்டு அதே பெட்டி மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. எங்கள் வாடகை வீட்டிலிருந்து கரியா பக்கம் ஒரு ஃபிளாட்டின் இரண்டாம் மாடிக்கு. இம்முறை தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்தார்கள். 420 கிலோ! நான் 1996ல் போட்ட கணக்கு பாதிக்குச் சற்று மேல்தான். அந்த நால்வரும் ஆளுக்கு நூறு கிலோவுக்கு மேல் சுமந்திருக்கிறார்கள். இறங்கு பக்கம் நின்றவர் அதைவிடவும் அதிகம்.

பீரோ போல இது வெறும் தகடு அல்ல. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே கனமான நிரப்பு இருக்கும். தீ பிடித்தால் அந்த நிரப்பிலுள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் பத்திரங்கள் கருகாமல் இருப்பது அதனால்தான். திருடனுக்கும் தீக்கும் எதிராகப் போட்ட பளு, வீடு மாறும்போது நமக்கு எதிராக நிற்கிறது.

இதைவிட முக்கியம், எடை எங்கே இருக்கிறது என்பது. பூட்டு, தாழ்க்கம்பிகள் எல்லாம் கதவில் இருப்பதால் முன்பக்கம் கனம் அதிகம். நாலடி உயரமும் இரண்டடி அடிப்பாகமும் உள்ள ஒரு பெட்டி, எடை சரிநடுவில் இருந்தாலே 26 டிகிரி சாய்வைத் தாண்டினால் கவிழும். கதவுப் பக்கம் சாய்ந்தால் அதற்கும் முன்பே கவிழும். நம் வீட்டுப் படிக்கட்டுகளின் சரிவோ 30 முதல் 35 டிகிரி. அதாவது, பெட்டியைப் படியின் சரிவில் நிற்கவைத்து இழுத்தால் அது கவிழ்ந்தே தீரும். ஆட்களின் பலம் அதைத் தள்ளிப்போடும். தடுக்காது.

இன்னொரு கணக்கு. 30 டிகிரி சரிவில் எடையில் சரிபாதி கீழ்நோக்கி இழுக்கும். 420 கிலோவில் 210 கிலோ. கீழே நிற்பவர் கையை விட்டால் ஓடுவதற்கு இடமில்லை. பின்னால் படிக்கட்டு, முன்னால் பெட்டி.

மூன்று மதிப்பீடுகள்

இம்முறை மூன்று இடங்களில் விசாரித்தேன். முதலாமவர் வீட்டுச் சாமான் ஏற்றுபவர். தொலைபேசியிலேயே, "4,500 ரூபாய். ஆறு ஆள் வருவார்கள்" என்றார். இரண்டாமவர் ஃபோட்டோ அனுப்பச் சொல்லி 6,000 என்றார். மூன்றாமவர் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை இடம் மாற்றும் சிறு கம்பெனிக்காரர். "பார்க்காமல் சொல்லமாட்டேன்" என்று நேரில் வந்தார். பெட்டியை அளந்தார், வாசல்களை அளந்தார், படி திரும்பும் இடத்தை இரண்டு முறை அளந்தார். புது வீட்டுக்கும் போய் வந்த பிறகு 14,000 ரூபாய் என்றார்.

நான் தயங்கினேன். ஓய்வூதியக்காரனுக்குப் பத்தாயிரம் வித்தியாசம் பெரிது. என் மனைவிதான், "என்னங்க, அந்த ஆளு கால் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அதற்குமேல் பேரம் பேசவில்லை.

அவர்கள் செய்த விதம்

வந்தவர்கள் நாலே பேர். ஆள் எண்ணிக்கை 1996ல் இருந்த அதே எண்ணிக்கைதான் என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் முறையில் இருந்தது.

முதலில் பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். என் எதிரில் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்கள். பிறகு கதவையும் சேர்த்துப் பட்டையால் இரண்டு சுற்றுக் கட்டினார்கள். கடப்பாரையால் ஒரு அங்குலம் நெம்பி, ஒரு அங்குலக் கட்டையைச் செருகினார்கள். மறுபடி ஒரு அங்குலம், மறுபடி ஒரு கட்டை. எங்கள் ஒர்க்ஷாப்பிலும் முதல் பாடம் இதுதான்: தூக்கிய பளுவின் அடியில் கை போகக்கூடாது, கட்டைதான் போக வேண்டும்.

தரையில் அதை இழுக்கவில்லை. இரும்புக் குழாய்களின் மேல் உருட்டினார்கள். 420 கிலோவைத் தரையில் தேய்த்து இழுக்க நூற்றைம்பது கிலோ விசை வேண்டும். குழாயின் மேல் என்றால் பத்துப் பதினைந்து கிலோ விசை போதும், ஒருவரே தள்ளலாம். கல் தளத்திலும் கீறல் விழாது.

படிக்கட்டில் கனமான பலகைகளைச் சரிவாகப் பரப்பினார்கள். பெட்டியை மரச்சட்டத்தின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். படுத்த பெட்டிக்கு உயரம் இரண்டடி, நீளம் நாலடி. இனி 60 டிகிரி சரிவு வந்தாலும் கவிழாது. கதவும் மேல்பக்கம் இருப்பதால் தன் எடையாலேயே மூடிக்கொண்டிருக்கும். மேல்மாடி வாசலின் உள்பக்கம் ஒரு இரும்பு உத்தரத்தைக் குறுக்கே கொடுத்து, அதில் 2 டன் தாங்கும் செயின் பிளாக்கை மாட்டினார்கள். தேவையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். ஒருவர் சங்கிலியைத் தளர்த்தத் தளர்த்தப் பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்கியது. இதில் நான் முக்கியமாகக் கண்டது ஒன்று: பெட்டி இறங்கும்போது அதற்குக் கீழே ஒருவரும் நிற்கவில்லை.

இது நம் நாட்டுக்குப் புதிய வித்தையும் அல்ல. 1988 ஜூலை 8ஆம் தேதி கேரளத்தில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடி ஏரியில் விழுந்தபோது, பெட்டிகளை மீட்கும் வேலையில் மலபாரின் மாப்பிள்ளை கலாசிகள் இறங்கினார்கள். அவர்களின் ஆயுதம் கயிறும் கப்பியும் அனுபவமும்தான்.

லிஃப்டும் தளமும்

புது வீட்டில் லிஃப்ட் இருக்கிறதே என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். லிஃப்டில் ஆளுக்கு 68 கிலோ என்பது கணக்கு. ஆறு பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. பெட்டி மட்டுமே அதைத் தாண்டுகிறது. எட்டு பேர் லிஃப்டுக்கு 544 கிலோ. அதிலும்கூட, பளு முழுவதும் வாசல் விளிம்பில் ஏறும் நொடியில் லிஃப்ட் தாழ்ந்து தடுக்கலாம். லிஃப்ட் பராமரிப்பவரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது. எனவே மறுபடியும் பலகை, செயின் பிளாக். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிமிர்த்தித் திருப்பி, மீண்டும் படுக்க வைத்தார்கள். இரண்டு மாடி ஏற மூன்று மணி நேரம் ஆயிற்று.

அடுத்தது தளம். குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்து வடிவமைப்பது நம் நாட்டு விதி. பெட்டியோ தன் நாலு சதுர அடியில் அதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு அழுத்துகிறது. உடனே தளம் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 200 என்பது அறை முழுவதும் பரவிய பளு. ஆனால் அறையின் நடுவில் வைக்காதீர்கள். உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி, அடியில் அகலமான கனத்த பலகை போட்டு வையுங்கள். கட்டடப் பொறியாளரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கொல்கத்தாவின் பழைய வீடுகளில், நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் போல, உத்தரத்தின் மேல் சட்டம் அடுக்கிய தளம் இருக்கும். அங்கே துருவும் கரையானும் எங்கே என்று பார்த்த பிறகுதான் உருட்ட வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

1. நேரில் வந்து இரண்டு வீடுகளையும் பார்ப்பார்களா? பார்க்காமல் விலை சொல்பவர் வேண்டாம்.

2. பேசுகிறவரின் ஆட்களே வருவார்களா, அல்லது அன்று காலை சந்தையில் பிடித்த ஆட்களா?

3. என்ன கருவி கொண்டு வருவார்கள்? "ஆள் பலம் இருக்கு சார்" என்பது பதில் ஆகாது.

4. சேதத்துக்கு யார் பொறுப்பு? ரயில்வேயில் சரக்கு அனுப்பியவர்களுக்கு 'ஓனர்ஸ் ரிஸ்க்', 'ரயில்வே ரிஸ்க்' என்ற வித்தியாசம் தெரியும். இவர்கள் ரசீதின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. வேலையாட்களுக்குக் காப்பீடு உண்டா? இதைக் கேட்க மறக்காதீர்கள். நான் மறந்தவன்.

6. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். முகவரி உள்ள பில் வாங்குங்கள்.

வண்டியில் பெட்டி டிரைவர் பக்கச் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால், பிரேக் போடும்போது அது நகர்ந்து முன்னால் மோதும். நம் ஊரில் குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன வண்டி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதிலேயே கட்டிலையும் பீரோவையும் ஏற்றச் சொல்லாதீர்கள்.

நகைகளையும் பத்திரங்களையும் முதல் நாளே எடுத்து, பட்டியல் போட்டு, பாங்க் லாக்கரிலோ நம் கைப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். நம் சங்கத்தில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சிலர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: துப்பாக்கியும் தோட்டாவும் பெட்டியோடு பயணம் செய்யக்கூடாது. வேலையாட்கள் கையில் படவும் கூடாது. லைசென்ஸ்காரரே எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையில் தற்காலிகமாக ஒப்படைக்கலாம். முகவரி மாறுவதை லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

பெட்டி இப்போது எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாமனாரின் கணக்கு நோட்டுகள், என் ஓய்வூதியக் காகிதங்கள், மனைவியின் இரண்டு வளையல்கள். வேலை முடிந்து நால்வரும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பத்து விரல்களும் இருந்தன.

பந்தியில் கேட்ட அன்பருக்கு என் பதில்: நாலு ஆள் போதும் சார். ஆனால் எந்த நாலு ஆள், எந்தக் கருவியோடு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.