கோரை எது? கொழுக்கட்டைப் புல் எது?

தர்மபுரி மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் மழைக்குப் பின் முளைப்பதையெல்லாம் ‘புல்’ என்றே சொல்வது வழக்கம். கூலி கொடுத்துக் களையெடுப்பவருக்கு இதனால் நஷ்டமே.

கோரை புல் இனமே அல்ல. அதன் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று பட்டை தட்டும். கையால் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி தழைக்கும். ஈரத்தில் உழுதாலோ கிழங்குச் சரம் அறுந்து, ஒன்று பத்தாகும். கோடையில் ஆழ உழுது, மேலே வரும் கிழங்குகளைப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். மிச்சம் வெயிலில் காயும். ஒரே கோடையில் ஒழிந்துவிடாது.

கேழ்வரகில் ஏமாற்றுவது காட்டுக் கேழ்வரகு. இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். வரிசை நடவானால் வரிசைக்கு நடுவே நிற்பதைத் தயங்காமல் பிடுங்கலாம். வீசி விதைத்த காட்டில் கதிர் வந்த பிறகே தெரியும்: விரல்கள் மெலிந்து விரிந்திருக்கும், விதை தானே உதிரும். விதை பிடிக்குமுன் பிடுங்கி மாட்டுக்குப் போடலாம். முற்றியபின் போட்டால் சாண எருவோடு விதை வயலுக்கே திரும்பி வரும்.

கரட்டிலும் தரிசிலும் குத்துக்குத்தாக நின்று, பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கதிர்விடுவது கொழுக்கட்டைப் புல். வறட்சி தாங்கும், பல ஆண்டு நிற்கும். காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளில் மேய்ச்சலுக்கு ஆதாரமே இதுதான். இதைக் களையென்று கொத்துவது வீண் வேலை. மழைக்குப் பின் விதை விழும்வரை ஆடுகளை மறித்தால், புல் தானே பரவும்.

பெயர் தெரியாத புல்லை வேரும் கதிருமாகப் பிடுங்கிப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டலாம். இலை மட்டும் போதாது.