பாசிமணிக்கு வயது என்ன?

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், வழியில் ஒரு வியாபாரியிடம் என் மனைவி பாசிமணிச் சரம் ஒன்று வாங்கினாள். "ரோமாபுரிக் காலத்துச் சரக்கு, அம்மா!" என்றானாம்.

வீட்டில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மணிக்கு மணி மெல்லிய ஒட்டுக் கோடு! அச்சில் அழுத்திச் செய்ததற்கு அதுதான் அடையாளம்.

புதுச்சேரிக்கு அருகே, 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டின் சிறு மணிகள் வேறு ரகம். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து நறுக்கியவை. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியிலோ அவை துளையைச் சுற்றி ஓடும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த கண்ணாடி பெரும்பாலும் மங்கிப் பொரிந்திருக்கும்.

இவையெல்லாம் பொருந்தினால் பழையதுதானா? அவசரப்படாதீர்கள்! ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இழுத்தே மணி செய்தார்கள். அமிலத்தில் நனைத்தால் புதுக் கண்ணாடியும் மங்கிவிடும். கண்ணுக்குப் பொய் பிடிபடலாம். மெய்க்கு, மணி கிடந்த மண்ணடுக்குத்தான் சாட்சி. தோண்டி விற்பவர்கள் முதலில் அழிப்பது அந்தச் சாட்சியைத்தான்.

மனைவி சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "போலியானால் என்ன? எந்த மேட்டையும் பாழாக்கி எடுத்ததில்லையே!" என்றாள்.