தாடி ஓணானின் உணவுத்தட்டு

சென்ற ஆண்டு சிட்னி நகரில் வாழும் உறவினர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அங்கே கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஓணான் ஒன்று வீற்றிருக்கக் கண்டு திகைத்தோம். ஓணானைக் கண்டவுடன் கல்லெடுக்கும் சிறுவர் கூட்டத்தில் வளர்ந்தவரல்லவா நாம்! அங்கோ அதற்கு ஒரு செல்லப் பெயர், தனி விளக்கு, வேளை தவறாத உணவு.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு நிலங்களே இத்தாடி ஓணானின் தாயகம். வால் உட்பட ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வளரும். சினமுற்றால் கழுத்தின் கீழுள்ள முட்தோல் உப்பிக் கருமையடையும், பெயர்க்காரணம் அதுவே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதனை வளர்க்க அரசின் உரிமம் பெறுதல் வேண்டும். நன்கு பேணினால் 10 ஆண்டுகள் வரை வாழும்.

நாம் கண்ட ஓணானுக்கு வயது நான்கு. வயிறு தரையில் தோய, கட்டையில் ஏறவும் மனமின்றிக் கிடந்தது. வீட்டுச் சிறுமி நாள்தோறும் அதற்குப் புழுக்களை ஊட்டி வந்தாள். "கீரை அதற்குப் பிடிக்காது, பெரியப்பா" என்றாள். கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது எடை 640 கிராம் இருந்தது. இவ்வாறே தொடர்ந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே தீங்காகும் என்று அவர் எச்சரித்தார். சிறுமியின் கண்கள் குளமாயின. அன்பினால் செய்தது அல்லவா?

பிழை எங்கே நேர்ந்தது? குஞ்சுப் பருவத்தில் விரைவாக வளர வேண்டியிருப்பதால் பூச்சிகளே அதன் முதன்மை உணவு. ஒன்றரை ஆண்டு கடந்து முழு வளர்ச்சி எய்தியபின் கணக்கு தலைகீழாகிறது. முக்கால் பங்கு கீரையும் காயுமாக இருத்தல் வேண்டும். பூச்சியோ வாரத்தில் இரண்டு மூன்று முறை, சிறிதளவே போதும். இவ்வீட்டில் குழந்தையின் உணவையே முதியவருக்கும் பரிமாறி வந்திருக்கிறார்கள். நம் இல்லங்களிலும் இது நடவாததன்று!

கீரையிலும் தேர்வு உண்டு. கடுகுக்கீரை நன்று, பரங்கிக்காய்த் துருவலும் செம்பருத்தி இதழும் சேர்க்கலாம். பசலைக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவொட்டாது தடுப்பதால் அதனை அன்றாடம் தரலாகாது. பழம் எப்போதாவது ஒரு துண்டு. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ அறவே கூடாது. மின்மினிப் பூச்சியோ நஞ்சு. அமெரிக்காவில் அதை விழுங்கிய வளர்ப்பு ஓணான்கள் மாண்டதுண்டு.

சிள்வண்டு முதலிய பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டியே கொடுக்கிறார்கள். அச்சத்து எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அது உடலில் உண்டாகப் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதைப் பலர் அறியார். அதற்கென உள்ள விளக்கும் ஓராண்டுக்குள் வலுவிழக்கும், வெளிச்சம் குன்றாதது போலத் தோன்றினாலும். கதிர் கிட்டாத ஓணானின் எலும்புகள் மென்மையாகித் தாடை வளையும். குளிர் காய ஏறத்தாழ 40 பாகை வெப்பமுள்ள இடமும் பெட்டிக்குள் வேண்டும். அஃதின்றேல் உண்டது செரிக்காது.

மருத்துவர் சொற்படி புழு நிறுத்தப்பட்டது. முதல் மூன்று நாள் ஓணான் தட்டைத் திரும்பியும் பாராது தாடியைக் கறுக்க வைத்துக்கொண்டு முறைத்தது. சிறுமி இரகசியமாக ஒரு புழுவை எடுக்கப் போனதை நாம் கண்டும் காணாதவர் போலிருந்தோம். அவளே மீண்டும் டப்பாவில் போட்டுவிட்டாள். நான்காம் நாள் அவள் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, நெளியும் ஒரு புழுவை மட்டும் அதன் நடுவே வைத்தாள். புழுவைக் கவ்வப் பாய்ந்த வாயில் கீரையும் சேர்ந்து சென்றது. மறுவாரம் பரங்கித் துருவலைத் தானாகவே நக்கியது.

ஊர் திரும்பி ஆறு திங்கள் கழித்துத் தொலைபேசியில் சிறுமி பேசினாள். எடை 520 கிராமாம். கட்டையின் உச்சி வரை ஏறுகிறதாம். செம்பருத்தி பூத்தால் முதல் பூ அதற்குத்தானாம்.