தகரப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தெல்தோட்டைக் கடைவீதியில் நடக்க இடமிருக்காது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வருகிறார்கள். திரும்பும் பஸ்ஸில் எல்லோர் மடியிலும் புடவைக்கடைப் பைகள். தோட்டத்தில் கிடைத்த தீபாவளி முற்பணம் இரண்டு மூன்று நாட்களில் துணியாக மாறிவிடுகிறது. அதன் பிறகு மாதா மாதம் சம்பளத்தில் அது கழிந்துகொண்டே இருக்கிறது.

வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகள் புதுத்துணி உடுத்துவதை நாம் குறைகூற வரவில்லை. அந்த மகிழ்ச்சியும் ஒரு தேவைதான். ஆனால் தீபாவளி முடிந்த மறுநாள், ஐப்பசி அடைமழையில் மலைக்குப் போகிற தாய் எதை உடுத்திக்கொண்டு போகிறாள்? மகன் போட்டுக் கழித்த டீசேர்ட், விளிம்பு கிழிந்த பாவாடை, அதற்கு மேல் படங்கு. "மலைக்குப் போறதுக்கு யாரு புள்ள புதுசு வாங்குவா?" என்பது லயங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. ஒரு நாள் உடுப்புக்குக் கடன் வாங்குகிறோம். மீதி நாளெல்லாம் உழைக்கும் உடுப்புக்கு ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. அந்த அன்றாட உடுப்பைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

கம்பளிக் காலத்திலிருந்து

துணிக்குக் கடன்படுவது நமக்குப் புதிதல்ல. தெல்தோட்டைக்கு அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்திலேயே நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்துவிட்டார்கள். குளிருக்கும் மழைக்கும் தோட்டம் கொடுத்த கம்பளியின் விலை அவர்கள் பற்றில் எழுதப்பட்டுச் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. அரிசியும் அப்படித்தான். கங்காணியிடம் பட்ட கடனைச் சுமந்து திரிந்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு போனது, பற்று எழுதும் பழக்கம் மட்டும் நம்முடன் தங்கிவிட்டது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதை இன்னும் இறுக்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டதும், 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். நம் நாடு தைத்து ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்தாலும் துணியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. ஆகவே டொலர் ஏறியபோது பாவாடைத் துணியும் ஏறியது. பணவீக்கம் பின்னர் குறைந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

இது எத்தனை பேர்?

விலையை ரூபாவில் பார்ப்பதை ஒரு தடவை நிறுத்திவிட்டு, பேரில் பார்க்கலாம். செக்ரோலில் ஒரு பேர் விழுந்தால்தான் ஒரு நாட்சம்பளம் என்பது நமக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கவும், அதனுடன் 200 ரூபா வருகைக் கொடுப்பனவைச் சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. கணக்கு எளிதாக இருக்க 1350ஐயே வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள தொகையை இட்டு நீங்களே திருப்பிப் போடலாம். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் 1242 ரூபா கையில்.

எடுத்துக்காட்டாக, கடையில் 3000 ரூபாவுக்குக் கிடைக்கும் ஒரு சேலையை லய வாசலில் தவணைக்கு வாங்குகிறோம். மாதம் 750 வீதம் ஆறு மாதம் என்றால் சேர்ந்து 4500. மேலதிகம் 1500 ரூபா. ஒரு பேருக்கும் அதிகம். ஒரு முழு நாள் கொழுந்து பறித்தது சேலைக்கு அல்ல, காத்திருக்காமல் வாங்கியதற்கு.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 6000 ரூபாச் சேலையைப் பத்துத் தடவை உடுத்தினால் ஒரு தடவைக்கு 600 ரூபா. 1800 ரூபாவுக்குத் துணியும் தையற்கூலியுமாக ஒரு நல்ல வேலைப் பாவாடை. வாரம் மூன்று நாள் வீதம் ஒரு வருடம் உடுத்தினால் ஏறத்தாழ 150 தடவை. ஒரு தடவைக்கு 12 ரூபா. எதற்குக் கை தயங்க வேண்டும், எதற்குத் தயங்க வேண்டியதில்லை என்று இது காட்டுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். மலைக்கு, வீட்டுக்கு, வெளியே போக என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். அநேகமாக மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். கலியாண வீட்டுக்கு எடுத்த சேலைகள், ஜாக்கட் தைக்காமலே கிடப்பவை, பிள்ளைக்குச் சிறுத்துப் போனவை. முதற்குவியலில் நல்லதாக இரண்டு இருந்தால் அதிசயம்.

மழைக்காலத்தில் ஈரத்தோடு வருகிற பெண்ணுக்கு மலைக்கு மூன்று மாற்று இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று காய்ந்து பெட்டியில். இரண்டு மட்டும் இருந்தால் மூன்றாம் நாள் ஈரத்துணியை உடுத்திக்கொண்டு போக நேரிடும். ஆண்களின் நிலை சற்றுப் பரவாயில்லை. ஒரு சாரமும் பழைய களிசானும் அவர்களுக்கு நீண்ட நாள் ஓடும். வீட்டில் கடைசியாக வாங்கப்படுவதும் முதலில் கைவிடப்படுவதும் தாயின் உடுப்பே. உள்ளாடையைச் சொல்லவே வேண்டாம். வெளியே தெரியாது என்பதால் அதற்குக் கணக்கே இல்லை. பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அதுதான்.

மூன்றாவது குவியலில் இனி உடுத்தமாட்டாத சேலை இருந்தால், அதிலே மகளுக்கு ஒரு கவுனும் பாவாடையும் வெட்டலாம். பழைய வோயில் சேலை உள்பாவாடைக்கும் தலையணை உறைக்கும் ஆகும். ஏணை கட்டுவதற்கு மட்டும் நைந்த துணியை எடுக்காதீர்கள். முடிச்சிட்ட இடத்தில் அது சொல்லாமல் கிழியும்.

அடுப்படித் துணியும் மலைத் துணியும்

துணியைத் தெரிவதில் நாம் பார்ப்பது நிறத்தையும் பூவையும். பார்க்க வேண்டியது அது எதனால் நெய்யப்பட்டது என்பதை. பொலியெஸ்டர் கலந்த துணி சீக்கிரம் காயும், சுருங்காது, செடி கீறினாலும் தாங்கும். மழைக்காலத்தில் மலைக்கு அது நல்லது. முழுப் பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் தெல்தோட்டைக் குளிரில் இரண்டு நாளானாலும் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆனால் விறகடுப்பு முன்னால் நிலைமை தலைகீழ். நைலெக்ஸ், பொலியெஸ்டர் வகைகளில் தீப்பிடித்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுக்க முடியாது, புண் ஆழமாகும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. லயத்தின் சிறு குசினியில் குனிந்து ஊதும்போது தொங்கும் முந்தானைக்கும் அகலமான நைட்டிக் கைக்கும் அடுப்பு எட்டாத தூரமில்லை. மலையிலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு, கை ஒடுக்கமான பருத்திச் சட்டையுடன் அடுப்படிக்குப் போவது ஓர் ஆடம்பரமல்ல. சிறு பெண்பிள்ளைகளின் பளபளக்கும் நைலோன் கவுன் விடயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தீபாவளி விளக்கும் மத்தாப்பும் அந்தக் கவுனோடுதான் வருகின்றன.

கடைக்காரர் 'பருத்தி' என்றால் நம்பலாமா? துணியோரத்தில் ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வெளியே, குறட்டால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி நூல் கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான கறுப்பு மணியாகும். அரை யார் வாங்கிப் பார்த்த பின் மீதியை வாங்கலாம்.

பீலியடியில்

வாங்கியதை ஒரு வருடம் கூடுதலாக ஓட வைப்பது பீலிக்கரையில் நடக்கும் வேலை. அட்டைக் கடி இரத்தத்தைப் பச்சைத் தண்ணீரிலேயே அலசுங்கள். சுடுதண்ணீர் பட்டால் அது துணியில் உறைந்துவிடும். கொழுந்துச் சாற்றின் கறை இரும்பு பட்டால் கறுக்கும். ஆகவே துருப்பிடித்த வாளியிலும் முள்ளுக்கம்பியிலும் வேலை உடுப்பைப் போடாதீர்கள். முள்ளுக்கம்பி உணர்த்துவதைவிடக் கிழிப்பதே அதிகம். சாயத் துணியை உட்புறம் வெளியே வரத் திருப்பிக் காயவைத்தால் நிறம் நீடிக்கும். புதுத்துணியை உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய கடைத் துணிகளுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. முதல் மூன்று தடவை தனியாகத் தோய்ப்பதே போதும்.

தையல் விட்ட அன்றே ஊசி எடுக்க வேண்டும். நான்கு தையல் விட்டால் பத்து நிமிட வேலை. தோய்த்த பிறகு தைக்கலாம் என்று விட்டால் பொருத்து முழுதும் போய்விடும். கூடை உராயும் முதுகுப் பக்கமும் தோளும்தான் முதலில் நைகின்றன. புதுச்சட்டை தைக்கும்போதே அந்த இடத்துக்கு உட்பக்கம் ஒரு துண்டு வைத்துத் தரும்படி தையற்காரரிடம் கேளுங்கள். துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைக்கவும் மறவாதீர்கள். சுருங்குவது பெட்டியிலேயே சுருங்கட்டும்.

எங்கே வாங்குவது?

தவணை வியாபாரியை நாம் பகைவனாகக் காட்டப் போவதில்லை. மழையிலும் மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டு லயம் வரை ஏறி வருகிறார். கடை கடன் தராத இடத்தில் கடன் தருகிறார். கண்டிக்குப் போவதென்றால் கலஹா, பேராதனை வழியாக நீண்ட பஸ் பயணம். ஒரு பேரும் போகும், பஸ் கூலியும் போகும். ஒரேயொரு சட்டைக்காகக் கண்டிக்குப் போவது நட்டம். ஆனால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது கைக்காசு விலை. பிறகு தவணை விலை. இரண்டையும், கட்டிய ஒவ்வொரு தவணையையும் உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். அவருடைய கொப்பி மட்டும் பேசும் நிலை வேண்டாம். மகள் பத்தாம் வகுப்புப் படித்திருந்தால் அந்த வேலையை அவளிடம் கொடுக்கலாம்.

நாலைந்து வீட்டார் சேர்ந்து பட்டியல் எழுதி, இரண்டு பேர் மட்டும் கண்டிக்குப் போனால் கணக்கு மாறுகிறது. கொழும்பு வீதிக் கடைகளிலும் மத்திய சந்தை மாடியிலும் ஒரே நிறத்தில் இருபது யார் கேட்பவருக்கும் இரண்டு யார் கேட்பவருக்கும் ஒரே மரியாதை இல்லை. எல்லோரும் ஒரே துணியில் பாவாடை உடுத்தினால் யூனிபோர்ம் மாதிரி இருக்குமே என்று சிரிப்பார்கள். மலையில் அதைப் பார்க்க வருபவர் யார்?

ஏற்றுமதிக்குத் தைத்து மிச்சப்பட்டவையும் பழுதென்று கழிக்கப்பட்டவையும் நடைபாதையில் விற்கப்படுகின்றன. 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியதிலிருந்தும், 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்ததிலிருந்தும் இந்த வியாபாரத்துக்குச் சரக்குக் குறைவில்லை. மலிவுதான். உட்புறம் திருப்பி, கக்கம், கவட்டுப் பொருத்து, சிப் ஆகியவற்றைப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் வாங்கலாம், தைத்துக்கொள்ளலாம். துணியே இழை விலகியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பாடசாலைச் சீருடைத் துணியை 1993 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்குத் தேவையான முழுத் துணியையும் சீனா நன்கொடையாக வழங்கியது. தையற்கூலி மட்டும் பெற்றோருடையது. ஓரத்தை இரண்டு அங்குலம் கூடுதலாக மடித்துத் தைக்கச் சொன்னால் வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடமும் இறக்கிக் கொடுக்கலாம். ஜனவரியில் எல்லோரும் தையற்காரரிடம் ஓடும்போது அவர் இதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையில் இருக்கமாட்டார். துணி கிடைத்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்காகக் காத்திருக்காமல், சம்பளம் கையில் வரும் பத்தாம் திகதியை ஒட்டி ஐந்தாறு பெண்கள் உடுப்புக்கென்றே சிறு சீட்டுப் பிடிக்கலாம். ஆளுக்கு 500 ரூபா, ஆறு பேர், ஆறு மாதம். ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு 3000 ரூபா கைக்காசாகக் கிடைக்கும். தவணை வியாபாரியிடமே அந்தக் காசோடு போனாலும் விலை பேசலாம். சீட்டை ஒரே லயத்தார் பிடிப்பது நல்லது. தெரியாதவரிடம் பெரிய சீட்டுக் கட்டி ஏமாந்த கதைகள் நம் தோட்டங்களில் போதிய அளவு உண்டு. முதற்சீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கிப் போடத் தேவையில்லை. யாருடைய மலை உடுப்பு மிக மோசமாக இருக்கிறதோ, அவருக்கே அது போகட்டும். ஜூன் மழை இறங்குவதற்கு முன் அவரிடம் மூன்றாவது மாற்று இருக்கும்.