நெய் தோசைக்குத் திறக்கும் வாசல்

திருவானைக்காவலில் நெய் தோசை சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்த நெய் செரிக்கப் பித்தநீர் வேண்டும்.

கல்லீரல் பித்தநீரை இரவும் பகலும் சுரக்கிறது. அது குழாய் வழியே இறங்கிச் சிறுகுடலைச் சேரும் இடத்தில், பாட்டியின் சுருக்குப்பை வாய் போல ஒரு வளையத் தசை இருக்கிறது. சாப்பிடாத நேரத்தில் பெரும்பாலும் இறுகியே இருக்கும். முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து ஷட்டரை இறக்கினால் தண்ணீர் காவிரிக்குத் திரும்புமல்லவா? அப்படித்தான் பித்தநீரும் திரும்பிப் பித்தப்பையில் சேருகிறது.

நெய் சிறுகுடலைத் தொட்டதும், குடல் ஒரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும். பெயர் கோலிசிஸ்டோகைனின். (வாயில் நுழையாவிட்டால் விடுங்கள்!) உடனே பித்தப்பை சுருங்கும், சுருக்குத்தசை தளரும். பித்தநீர் பாய்ந்து நெய்யைச் சின்னஞ்சிறு துளிகளாக உடைக்கும்.

1887-ல் இத்தசையை ஆராய்ந்து எழுதியவர் இத்தாலியின் ருகெரோ ஓடி. அப்போது அவர் மருத்துவ மாணவர்தான்! 'ஓடியின் சுருக்குத்தசை' என்பது அவர் பெயரால் வந்தது. பித்தநீர் ஓடுவதால் வந்ததென்று எண்ணிவிடாதீர்கள்.

கணையநீர் வருவதும் இதே வாசல் வழியாகத்தான். பித்தக்கல் ஒன்று இங்கே சிக்கினால் ஆபத்து. கண் மஞ்சளாகும், கணையம் வீங்கும். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதுவழி கண்டார்கள். வாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்தி, சுருக்குத்தசையைச் சிறிது வெட்டினால் போதும், கல் வெளியே வந்துவிடும்.