திரை பெரிதோ? தெளிவு பெரிதோ?

பெரியது எதுவோ அதுவே சிறந்தது என எண்ணுவது மனித மனத்தின் பழைய பழக்கம். வீடாயினும் விருந்தாயினும் விலைக்கு வாங்கும் பொருளாயினும் கண் முதலில் அளவையே நாடுகின்றது. கணிப்பொறி விளையாட்டுக்கெனப் பெரிய திரை வாங்க விரும்பும் இளைஞர்களை இப்பழக்கம் எங்ஙனம் தடுமாறச் செய்கின்றது என்பதையும், குறைந்த பொருட்செலவில் நல்ல திரையைத் தேர்ந்தெடுக்கும் நெறி யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ்த் துறை மலரில் திரையைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். மாலையில் விளையாட்டுக்குப் பயன்படும் அதே திரையில்தான் இரவில் நம் மாணவர்கள் நூல்களைப் படிக்கின்றனர்; ஒப்படைப்புக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்கின்றனர். மேலும், நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு செலவன்று. ஒருமுறை வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகள் அதனோடுதான் வாழ வேண்டும். ஆகவே, மாணவர்களேயன்றிப் பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஒரு மாணவரின் அனுபவம்

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் மயிலாப்பூரில், இலஸ் முனைக்கு அருகே, சிறியதோர் அடுக்கக வீட்டில் வாழ்பவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக் காலம் தனிப்பயிற்சி அளித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு 32 அங்குலத் திரையொன்றை வாங்கினார். முதல்நாள் அதில் விளையாடி மகிழ்ந்தார். மறுநாள், பருவத் தேர்வுக்குரிய கட்டுரையைத் தட்டச்சு செய்ய அமர்ந்தபோது திகைத்தார். எழுத்துகளின் விளிம்புகள் இரம்பத்தின் பற்களைப் போலத் தோன்றின. ‘ண’கரத்துக்கும் ‘ன’கரத்துக்கும் உள்ள சுழி வேறுபாடுகூடச் சிறிய எழுத்தில் உற்றுநோக்கினாலன்றிப் புலப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் கண் வலித்தது, கழுத்தும் வலித்தது. கடைக்குச் சென்று கேட்டபோது, பெட்டியைப் பிரித்த பின்னர்ப் பொருளைத் திரும்பப் பெற இயலாது எனக் கூறிவிட்டனர்.

“ஐயா, அங்குலத்தை மட்டுமே பார்த்தேன், அதன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை” என்று அவர் நம்மிடம் கூறிய சொற்களே இக்கட்டுரைக்கு வித்தாயின. பக்கத்தில் எழுதியிருந்தது யாது? அதனை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

அங்குலக் கணக்கு

திரையின் அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் நீளமாகும். 1990களில் கண்ணாடிக் குழாய்த் திரைகளைப் பயன்படுத்திய பெரியோர்க்கு ஒன்று நினைவிருக்கலாம். 14 அங்குலம் எனக் கூறப்பட்ட திரையில் கண்ணுக்குப் புலனானது ஏறத்தாழ 13 அங்குலமே. குழாயின் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்திருந்தது. இன்றைய தட்டைத் திரைகளில் அக்குறை இல்லை. எனினும், மூலைவிட்டம் மட்டும் முழு உண்மையை உரைப்பதில்லை. 16க்கு 9 என்னும் விகிதம் கொண்ட 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ.; உயரம் சுமார் 34 செ.மீ. 21க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்த 34 அங்குலத் திரைக்கும் உயரம் ஏறத்தாழ அதுவே. அகலம் மட்டுமே 80 செ.மீ. அளவுக்கு விரிகின்றது.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வீட்டு மேசையை அளத்தல் வேண்டும். இரண்டடி ஆழமுள்ள மேசையில் திரையின் தாங்கி பின்பகுதியைக் கவர்ந்துகொள்ளும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே எஞ்சுவது சுமார் 60 செ.மீ. தொலைவே. அத்தொலைவில் 71 செ.மீ. அகலமுள்ள 32 அங்குலத் திரையின் இரு ஓரங்களையும் நன்கு காணத் தலையைத் திருப்ப வேண்டியுள்ளது. எதிராளி எப்பக்கம் தோன்றுவார் என ஒரே பார்வையில் அறிய வேண்டிய விளையாட்டுகளில் இது பெருங்குறையாகும். இத்தகைய மேசைக்கு 24 முதல் 27 அங்குலம் வரையிலான திரையே பொருந்தும். சுவரில் பொருத்திச் சற்றுத் தள்ளி வைக்க இடமிருப்பின் 32 அங்குலம் வாங்கலாம். பெரும்பாலான திரைகளின் பின்புறத்தில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இதற்கென்றே அமைந்துள்ளன. வாங்கும் திரையில் அவை உள்ளனவா என நோக்குதல் வேண்டும்.

புள்ளிகளின் நெருக்கம்

திரையில் தோன்றும் படம் பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. முழு எச்.டி. எனப்படும் 1920×1080 அளவில் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560×1440 அளவில் 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160 அளவில் 82.9 லட்சம். இங்கேதான் நம் மாணவர் இடறினார். அவர் வாங்கிய 32 அங்குலத் திரையில் இருந்தவை முழு எச்.டி. புள்ளிகளே. 24 அங்குலத் திரையிலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் 32 அங்குலத்தின் பரப்பு அதனைவிட 1.78 மடங்கு பெரிது. ஒரு படி மாவைச் சிறிய கல்லில் வார்த்தால் தடித்த தோசை. பெரிய கல்லில் வார்த்தால் கிழியும் தோசை. அது போன்றதே இதுவும்.

புள்ளிகளுக்கிடையேயுள்ள தொலைவைக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். முழு எச்.டி.யில் 24 அங்குலத் திரைக்கு அது 0.28 மி.மீ.; 27 அங்குலத்துக்கு 0.31 மி.மீ.; 32 அங்குலத்துக்கு 0.37 மி.மீ. மாறாக, 2560×1440 புள்ளிகள் கொண்ட 27 அங்குலத் திரையில் அது 0.23 மி.மீ. ஆகின்றது, எழுத்துகள் அச்சிட்டவை போலத் துலங்குகின்றன. அதே புள்ளிகளைக் கொண்ட 32 அங்குலத் திரையின் நெருக்கம் 24 அங்குல முழு எச்.டி. திரையின் நெருக்கத்துக்குச் சரியாக ஒப்பாகும். எனவே, 24 அங்குலத்துக்கு முழு எச்.டி. போதும், 27 அங்குலத்துக்கும் 32 அங்குலத்துக்கும் 2560×1440 வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம்.

ஓட்டத்தின் வேகம்

படம் ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகின்றது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி நிற்கின்றது. 144 ஹெர்ட்ஸில் 6.9, 180 ஹெர்ட்ஸில் 5.6, 240 ஹெர்ட்ஸில் 4.2. 60இலிருந்து 144க்குச் செல்லும்போது குறையும் காலம் ஏறத்தாழ 10 மில்லிநொடி. 180இலிருந்து 240க்குச் செல்லும்போது குறைவதோ 1.4 மில்லிநொடி மட்டுமே. ஆகவே, முதற்படிக்குப் பணம் கொடுத்தல் தகும். அடுத்த படிகள் போட்டியாளர்க்கே உரியன.

பெட்டியின்மீது ‘1 மில்லிநொடி’ எனப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது வேறு கணக்கு. அது புள்ளி நிறம் மாறும் காலத்தைக் குறிப்பது. பெரும்பாலும் மிக விரைவான அமைப்பில், மிகச் சாதகமான நிறமாற்றத்தில் அளந்ததாகவே அது இருக்கும். அவ்வமைப்பை உண்மையில் பயன்படுத்தினால் நகரும் உருவங்களின் பின்னே ஒளிநிழல் தோன்றுவதுண்டு. எனவே அவ்வெண்ணை நம்பி விலையைக் கூட்ட வேண்டா.

பேனல் வகைகள்

விலை குறைந்த விளையாட்டுத் திரைகளில் இன்று பெரிதும் காணப்படுவன ஐ.பி.எஸ்., வி.ஏ. என்னும் இருவகைப் பேனல்களாகும். ஐ.பி.எஸ். வகையில் பக்கவாட்டில் இருந்து நோக்கினும் நிறம் மாறாது; ஆனால் கறுப்பு சற்றே வெளிறித் தோன்றும். அதன் ஒளி வேறுபாடு பொதுவாக 1000க்கு 1. வி.ஏ. வகையில் அது 3000க்கு 1 என்னும் அளவில் அமைவதால் கறுப்பு ஆழ்ந்து தோன்றும். எனினும், மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட காட்சிகள் விரைந்து நகரும்போது கறை இழுபட்டாற் போலத் தெரியும். விளக்கணைத்து விளையாடுவோர்க்கு வி.ஏ. இன்பம் தரும். படிப்பும் விளையாட்டும் ஒரே திரையில் எனில் ஐ.பி.எஸ். நன்று. ஓ.எல்.இ.டி. திரைகள் இவ்விரண்டினும் அழகியவை. ஆயினும் விலை மிகுதி. அன்றியும், அசையாத உருவங்கள் நெடுநேரம் நின்றால் அவற்றின் தடம் பதிந்துவிடும் இடரும் உண்டு.

கணிப்பொறியின் ஆற்றல்

திரை கேட்கும் படங்களை வரைந்து தருவது கிராஃபிக்ஸ் கார்டு ஆகும். முழு எச்.டி.யில் நொடிக்கு 60 படங்கள் எனில் 12.4 கோடிப் புள்ளிகளை வரைதல் வேண்டும். 2560×1440 அளவில் 144 படங்கள் எனில் 53 கோடிப் புள்ளிகள்! நான்கு மடங்கினும் மிகுதி. பழைய கார்டை வைத்துக்கொண்டு 4கே திரை வாங்குவது, ஈருருளி இயந்திரத்தைப் பேருந்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும். கார்டு சற்றுத் தளர்ந்து படங்கள் சீரற்று வந்தாலும் காட்சி கிழியாமல் காப்பது அடாப்டிவ் சிங்க் என்னும் வசதி. ஃப்ரீசிங்க் எனக் குறிக்கப்பட்ட திரைகளில் இது உண்டு. இதற்கெனத் தனித்த விலை பெரிதாக இல்லையாதலின், இது உள்ள திரையையே தேர்தல் வேண்டும்.

இணைக்கும் வடமும் கருதத்தக்கது. பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பின் வழியே 2560×1440 படத்தை 144 ஹெர்ட்ஸில் அனுப்ப இயலாது. டிஸ்பிளேபோர்ட் வடம் அதற்கு ஏற்றது. இணைத்த பின்னரும் கணிப்பொறியின் அமைப்புகளில் ஹெர்ட்ஸ் எண்ணை மாற்ற மறவாதீர். 180 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, மாதக் கணக்கில் 60 ஹெர்ட்ஸிலேயே விளையாடியவர்களை நாம் அறிவோம்.

‘தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொள்ளலாகாதோ?’ எனப் பெற்றோர் கேட்பதுண்டு. எச்.டி. ரெடி எனக் குறிக்கப்பட்ட 32 அங்குலத் தொலைக்காட்சிகளில் பொதுவாக உள்ளவை 1366×768 புள்ளிகளே. அஃதாவது முழு எச்.டி.யில் பாதி. கைவிரல் அசைவுக்கும் திரையில் தோன்றும் அசைவுக்கும் இடையே காலத் தாழ்வும் நேரக்கூடும். கூடத்தில் தொலைவில் அமர்ந்து விளையாட அது போதும். மேசைக்கு அது பொருந்தாது.

கடைவீதியில்

சென்னையில் கணிப்பொறிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாழ் மாணவர்க்கு அது எட்டாத தொலைவன்று. ஒரே நாளில் பல கடைகளில் விலை கேட்டு ஒப்பிடலாம். இணைய விலையையும் உடன் வைத்து நோக்கலாம். பழைய திரைகளும் அங்கே விற்பனைக்கு உண்டு. அவற்றை வாங்குவோர் முழுத்திரையையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாகக் காட்டச் செய்து, இறந்த புள்ளிகள் உளவா எனப் பார்த்தே பணம் கொடுத்தல் வேண்டும்.

வரியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 2019 ஜனவரி 1 முதல் 32 அங்குலம் வரையிலான திரைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதனினும் பெரியவற்றுக்கு 28 விழுக்காடே நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18 ஆயிற்று. வரிநீங்கிய விலை 30,000 ரூபாய் உடைய 34 அங்குலத் திரைக்கு வரி 8,400 ரூபாயிலிருந்து 5,400 ரூபாயாகக் குறையும். 3,000 ரூபாய் மிச்சம் என்பது மாணவர்க்குச் சிறு தொகையன்று.

ரசீது இன்றி வாங்காதீர். உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு, எத்தனை புள்ளிகள் இறந்தால் மாற்றித் தருவர், பெட்டியைப் பிரித்த பின் திரும்பப் பெறுவரா என்பவற்றை முன்னரே கேட்டறிக. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்தல் நலம். குறையிருந்து தீர்வு கிட்டாதவிடத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

கண்ணைக் காத்தல்

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். மேற்குச் சாளரத்தின் மாலை வெயில் திரையில் நேரே விழாதவாறு மேசையைத் திருப்பி வைத்தல் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபதடி தொலைவிலுள்ள பொருளை இருபது நொடி நோக்குதல் கண்ணுக்கு ஓய்வு தரும். எத்துணை விலையுயர்ந்த திரையும் இவ்வோய்வுக்கு ஈடாகாது.

முடிவாக

முதலில் மேசையை அளந்து அங்குலத்தை முடிவு செய்க. அங்குலத்துக்கேற்ற புள்ளிகளைத் தேர்க. புள்ளிகளைத் தாங்கும் ஆற்றல் கார்டுக்கு உண்டா எனக் காண்க. 144 ஹெர்ட்ஸுக்கு மேல் பணம் மிஞ்சினால் மட்டுமே செல்க. இவ்வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகின்றது.

நம் மாணவர் அத்திரையை என் செய்தார் எனக் கேட்பீர். கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார். நான்கடி தள்ளி அமர்ந்து, தம்பியுடன் விளையாடுகின்றார். அத்தொலைவில் புள்ளிகள் கண்ணை உறுத்தவில்லை. கட்டுரை எழுதுவதற்கோ, அலமாரியின் மேல் ஏற்றி வைத்திருந்த பழைய 22 அங்குலத் திரையே மீண்டும் மேசைக்கு இறங்கிவந்தது. சென்ற திங்கள் தம் நண்பர் ஒருவர் திரை வாங்கப் புறப்பட்டபோது, அவர் கையில் முதலில் கொடுத்தது ஓர் அளவுநாடாவையாம்.